கவனத்துக்கும் ஒரு டியூசன் போட்டுறாதீங்க

எங்கட பக்கத்தில ஒரு விசயம் நல்லதெண்டு நாலு பேர் சொல்லத் தொடங்கினாப் போதும், கொஞ்ச நாளைக்குள்ள அதுக்கொரு கிளாஸ் வந்துரும், பீஸ் வந்துரும், கடைசியில கையில ஒரு சேட்டிபிக்கட்டும் வந்துரும். அபகஸுக்கு அப்பிடித்தான் வந்துச்சு, ஸ்போக்கன் இங்கிலிஸுக்கும் அப்பிடித்தான். இப்ப மைண்ட்புல்னஸ், அதாவது இந்த நேரத்தில நடக்கிறத அப்பிடியே கவனிக்கப் பழகிற ஒரு தியான முறை. "புள்ளைக்கு கவனம் இல்ல மிஸ், சோதனை எண்டாலே கை நடுங்குது, தியானம் பழக்கினா சரி வருமாமே, எங்க கொண்டு போய் விடலாம்?" எண்டு வாட்ஸப்பில வாற மெசேஜ் கூடிட்டு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வொய்ஸ் போட்டு என்ட தொண்டையும் போய்ட்டு, அதால ஒரேயடியா இங்க எழுதிப் போடுறன்.

நான் டொக்டரும் இல்ல, கவுன்சிலரும் இல்ல. இலங்கையில கிழக்குக் கரையில, கல்முனைப் பக்கம் ஏ.எல் (கம்பசுக்குப் போக எழுதுற உயர்தர சோதனை) பயோ படிப்பிக்கிற டியூசன் மிஸ், அவ்வளவுதான். மருதமுனையில இருந்து திருக்கோவில் வரைக்கும் கரையோரம் முழுக்க இருந்து புள்ளைகள் வருவாங்க, தமிழ், முஸ்லிம் எல்லாம் ஒரே பெஞ்சில. வருசக்கணக்கா அவங்கட முகத்தப் பாத்துக்கொண்டு நிண்டதும், இதப்பத்தி தேடித்தேடி வாசிச்சதும்தான் என்ட கையிருப்பு.

கவனம் இல்ல எண்டு பெத்தவங்க சொல்றது எல்லாமே ஒரே சாமான் இல்ல. ஏடிஎச்டி (கவனம் நிக்காம, ஒரு இடத்தில இருக்க ஏலாம வாற ஒரு மூளை வளர்ச்சிப் பிரச்சினை) எண்டா அது சின்ன வயசிலயே தொடங்கியிருக்கணும், 12 வயசுக்கு முன்னமே அறிகுறி தெரிஞ்சிருக்கணும் எண்டுதான் மனநலப் பிரச்சினைகள அடையாளம் காண டொக்டர்மார் பாக்குற டிஎஸ்எம் கையேட்டில போட்டிருக்கு, அதுவும் ஸ்கூலில மட்டும் இல்ல, வீட்டயும் விளையாட்டிலயும் எண்டு ஒண்டுக்கு மேற்பட்ட இடத்தில தெரியணும். நேத்து வரைக்கும் ஒழுங்கா இருந்த புள்ள ஏ.எல் ரெண்டாம் வருசத்தில திடீரெண்டு ஒரு பக்கத்த வாசிச்சு முடிக்க ஏலாம தவிக்குதெண்டா அது அனேகமா பதட்டம், இல்லாட்டி நித்திரை இல்ல, இல்லாட்டி வீட்டில ஏதோ நடக்குது. மூளை ஒரு நேரத்தில கையில வச்சிருக்க ஏலுமான சாமான் கொஞ்சம்தான். அந்த இடத்த "ரிசல்ட் பிழைச்சா வாப்பாக்கு என்ன சொல்றது" எண்ட யோசினை பிடிச்சிட்டா பயோவில பாடமாக்கின கிரெப்ஸ் வட்டம் எங்க போய் இருக்கும்?

ஏடிஎச்டியும் பதட்டமும் ரெண்டும் சேர்ந்து வாற புள்ளைகளும் கனபேர். யோசிச்சுப் பாருங்க, முதலாம் ஆண்டில இருந்து "ஒரு இடத்தில இரி", "கொப்பி எங்க", "இவனுக்கு மண்டையில என்ன இருக்கு" எண்டு கேட்டுக் கேட்டே வளர்ந்த பொடியனுக்கு பதினேழு வயசில சோதனை எண்டா வயித்தக் கலக்காம என்ன செய்யும்? பொடியன்மாரையாவது கண்டுபிடிச்சிருவாங்க, கால் ஆட்டுவான், பேனைய கழட்டிக் கழட்டிப் பூட்டுவான், பக்கத்தில இருக்கிறவன நோண்டுவான். பொம்புளப் புள்ளைகள்தான் பாவம். சத்தம் போடாம மூணாவது பெஞ்சில இருந்து ஜன்னலப் பாத்துக்கொண்டிருக்கிற புள்ளைய எல்லாரும் "அமைதியான புள்ள" எண்டு சொல்லிருவாங்க. அவள் அமைதியா இல்ல, அவள் அங்கேயே இல்ல. ஒழுங்கா படிக்காததுக்கு சோம்பல் எண்டு பேர் வச்சு பத்துப் பன்ரெண்டு வருசம் ஓடியிருக்கும்.

சரி, இந்த மைண்ட்புல்னஸ் எங்க இருந்து வந்துச்சு? 1979ல அமெரிக்காவில மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில ஜோன் கபாட்-சின் எண்ட ஒருத்தர், டொக்டர்மார் செய்யிறதெல்லாம் செஞ்சும் நோவு மாறாத ஆக்களுக்காக கிழமைக்கணக்கில நடக்கிற ஒரு வகுப்புத் தொடங்கினார். பௌத்த தியான முறைகள்ல இருந்து எடுத்ததுதான், ஆனா சமயத்த வெளியில வச்சிட்டு ஆஸ்பத்திரிக்கு ஏத்த மாதிரி அமைச்சார். வீட்ட ஒவ்வொரு நாளும் ஒரு 45 நிமிசம் அளவில செய்யச் சொல்றது அந்த முறை. இப்ப உலகம் முழுக்க பரவிக் கெடக்கிற கனக்க வகுப்புகளுக்கு தாய் அதுதான்.

45 நிமிசம். முதுக நிமித்தி, கண்ண மூடி, மூச்சப் பாத்துக்கொண்டு. என்ட கிளாசில ஏழு நிமிசம் தொடர்ந்து டியூட்ட (கிளாசில குடுக்கிற அச்சடிச்ச குறிப்ப) பாக்க ஏலாத பொடியன் இருக்கான், அவனப் புடிச்சு இதில இருத்தினா அவனுக்கு என்ன விளங்கும் தெரியுமா? "இதுவும் எனக்கு ஏலாது" எண்டு விளங்கும். ஏலாத லிஸ்ட் அவனிட்ட ஏற்கனவே நீளமா இருக்கு, அதில இன்னொண்டு.

இத யோசிச்ச ஆக்கள் இருக்காங்க. லிடியா சிலோவ்ஸ்கா எண்ட மனநல டொக்டர் கலிபோர்னியாவில யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தில, ஏடிஎச்டி உள்ள ஆக்களுக்கெண்டே இந்த முறைய வெட்டித் திருத்தி 2008ல ஒரு ஆரம்ப ஆய்வு வெளியிட்டா, 24 பெரியவங்களும் 8 டீன்ஏஜ் புள்ளைகளும். அதில தொடக்கமே 5 நிமிசம், போகப்போகத்தான் 15 நிமிசத்துக்குக் கூட்டினது, இருக்க ஏலாதவங்க நடந்து செய்யலாம். முடிவில கனபேருக்கு அறிகுறி கொஞ்சம் குறைஞ்சதா சொன்னாங்க. ஆனா பயோ மிஸ் எண்டபடியா இதையும் சொல்லணும், அதில பயிற்சி குடுக்காம ஒப்பிட்டுப் பாக்கிற கட்டுப்பாட்டுக் குழு எண்டு ஒண்டு இல்ல, ஆக்களும் கொஞ்சம், அதால இத வச்சு "மருந்து கண்டுபிடிச்சாச்சு" எண்டு ஆரும் போஸ்டர் அடிக்க ஏலா. எனக்கு அதில பிடிச்சது அந்த 5 நிமிசமும், எழும்பி நடக்கலாம் எண்ட அனுமதியும்தான்.

இதில எல்லாரும் பிழையா விளங்கிக்கிற இடம் ஒண்டு இருக்கு. மனசு அலையாம இருக்கிறதுதான் பயிற்சி எண்டு நினைக்காங்க. இல்ல. மனசு போகும், எல்லாருக்கும் போகும். சும்மா இருக்கக்குள்ள மூளையில தன்ட பாட்டில ஓடுற ஒரு வலையமைப்பு இருக்கு, டிஃபோல்ட் மோட் நெட்வேர்க் எண்டு சொல்வாங்க, வேலையில இறங்கினா அது அடங்கணும், ஏடிஎச்டி உள்ளவங்களுக்கு அது சரியா அடங்கிறதில்ல எண்டு ஆராய்ச்சிக்காரர் ஒரு விளக்கம் குடுக்காங்க. அப்ப மனசு போறதில குற்றம் கண்டுபிடிச்சு வேலையில்ல. "ஆ, போய்ட்டன்" எண்டு கண்டு, கிறுகி (திரும்பி) வாறதுதான் பயிற்சி. பத்துத் தரம் போனா பத்துத் தரம் கிறுகி வாறது. கனக்கப் போற புள்ளைக்கு கிறுகி வர கனக்க சந்தர்ப்பம் கிடைக்கும், இந்த ஒரு விசயத்தில அவங்களுக்குத்தான் லாபம் எண்டு சொல்லி நான் சிரிக்கிறது.

மருதமுனைப் புள்ள ஒருத்தி இத என்னை விட வடிவா சொன்னாள். அவட உம்மம்மா தறியில இருந்த ஆள். "நெய்யக்குள்ள நூல் அறுந்தா உம்மம்மா ஏசுறல்ல மிஸ், முடிச்சிப் போட்டுட்டு மறுகா நெய்வா" எண்டாள். இதுக்கு மேல நான் என்ன விளக்கம் சொல்ல.

என்ட கிளாசில நடக்கிறது இவ்வளவுதான். டியூட் குடுக்க முதல் ரெண்டு நிமிசம். கண்ண மூடத் தேவையில்ல. செருப்பக் கழட்டிட்டு காலை சீமெந்துத் தரையில வைக்கச் சொல்லுவன், தரை குளிரா, சூடா, மண் கெடக்கா, அத மட்டும் பாக்கச் சொல்லுவன். (கச்சான் காத்தடிக்கிற மாசத்தில ஹோலெல்லாம் மண்தான், அப்ப இது சரியான லேசு.) மறுகா சத்தம். கல்முனையில சத்தத்துக்கா பஞ்சம்? பஸ்காரன்ட ஹோர்ன், மீன்காரர்ட லவுட்ஸ்பீக்கர், மேல ஃபேன் கிறீச்சிடுறது, சில நேரம் பள்ளியில பாங்கு, சில நேரம் கோயில் மணி. தூரத்தில கேக்கிறது எது, கிட்டக் கேக்கிறது எது எண்டு பிரிச்சுக் கேக்கச் சொல்றது. சத்தத்த நிப்பாட்டிட்டு தியானம் செய்யணும் எண்டு நினைச்சா எங்கட ஊரில ஆரும் செய்ய ஏலாது, அதால சத்தத்தையே எடுத்துக்கிட்டம். ரெண்டு நிமிசம் முடிஞ்சா முடிஞ்சுது, "என்ன உணர்ந்தீங்க, எழுதித் தாங்க" எண்டெல்லாம் ஒண்டுமே இல்ல, நேரா பாடம்.

சமயம் பத்திக் கேக்கிற ஆக்களும் இருக்காங்க, அது நியாயமான கேள்வி. "இது வேற ஆக்கள்ட வணக்கம் இல்லையா மிஸ்?" எண்டு ஒரு உம்மா கேட்டா. காலுக்குக் கீழ தரை குளிராக் கெடக்கு எண்டு கவனிக்கிறதுக்கு எந்த சமயமும் தேவையில்ல எண்டு சொன்னன். அதோட, தொழுகையில மனசு ஒருமிச்சு நிக்கிறதுக்கு குஷூஃ எண்டு நீங்களே சொல்றீங்க, அலைஞ்ச மனச திருப்பிக் கொண்டாறது உங்களுக்கு நான் சொல்லித் தாற விசயமா எண்டும் கேட்டன், சிரிச்சிட்டா. செபமாலை சொல்ற வீட்டிலயும் தேவாரம் பாடுற வீட்டிலயும் இது தெரியாத விசயம் இல்ல. தெரியாதது என்னெண்டா, மனசு போறது பாவம் இல்ல எண்டதுதான்.

மூச்சு விசயத்துக்கு வாறன், இதில கொஞ்சம் நிப்பன், ஏனெண்டா இது என்ட பாடம். ஆபத்தெண்டா உடம்ப உசுப்புற பரிவு நரம்புத்தொகுதியும் திரும்ப அமத்துற பரபரிவு நரம்புத்தொகுதியும் செய்யிற வேலைய அட்டவணை போட்டு ஒப்பிடச் சொன்னா என்ட புள்ளைகள் கண்ண மூடிக்கொண்டு எழுதுவாங்க. பரிவு வேலை செஞ்சா இதயம் வேகமா அடிக்கும், கண்மணி விரியும், எச்சில் குறையும், சமிபாடு மந்தமாகும். அதே புள்ள சோதனை ஹோலுக்கு முன்னால நிண்டு "மிஸ் நெஞ்சு அடிக்குது, வாய் காயுது, வயித்துக்குள்ள என்னமோ செய்யுது, எனக்கு ஏதும் வருத்தமா?" எண்டு அழும். நீ எழுதின அட்டவணைதான் புள்ள இது, உன்ட உடம்பில ஓடுது, வேற ஒண்டும் இல்ல எண்டு சொன்னா சில பேருக்கு அதிலயே பாதி இறங்கிரும். பயத்துக்குப் பயப்படுறதுதான் மத்தப் பாதி.

மூச்ச உள்ளுக்கு எடுக்கக்குள்ள இதயம் எள்ளுப்போல வேகமாகும், வெளியில விடக்குள்ள மூளையில இருந்து இதயத்துக்குப் போற வேகஸ் நரம்பு பிரேக் பிடிக்கும், குறையும். மணிக்கட்டில நாடியப் பிடிச்சுப் பாத்தா உங்களுக்கே தெரியும், வயசுப் புள்ளைகளுக்கு நல்லாத் தெரியும். அதால விடுற மூச்ச நீளமாக்கினாப் போதும். நாலு எண்ணி எடுத்து ஆறு எண்ணி விட்டா ஒரு மூச்சுக்கு 10 செக்கன், நிமிசத்துக்கு 6 மூச்சு, ஆராய்ச்சியெல்லாம் கூடுதலா பாக்கிறது இந்த வேகத்தைத்தான். யூடியூபில மூச்ச அடக்கி வைக்கிற கனக்க முறை கெடக்கு, பதட்டம் கூடின புள்ளைக்கு அடக்கச் சொல்றது எனக்கு விருப்பமில்ல, மூச்சு முட்டுற மாதிரி இருக்குது எண்டுதானே அந்தப் புள்ள வந்ததே.

இன்னொண்டும் இருக்கு, இத கனபேர் சொல்றல்ல. சில பேருக்கு மூச்சக் கவனிச்சாலே பதட்டம் கூடும். "மூச்ச பாரு" எண்டு சொன்ன உடனே மூச்சு ஒழுங்கா வருதா, நிண்டுருமா எண்டு யோசிக்கத் தொடங்கிருவாங்க. அவங்களுக்கு மூச்சு வேணவே வேணாம், காலும் தரையும் போதும், இல்லாட்டி கையில ஒரு அழிறப்பர். கண்ண மூடுறதும் அப்பிடித்தான். எங்கட ஊர் எப்பிடிப்பட்ட ஊரெண்டு எல்லாருக்கும் தெரியும். இப்ப படிக்கிற புள்ளைகள் 2004 சுனாமிக்குப் பொறகு பொறந்தவங்கதான், யுத்தத்தையும் பாக்கல்ல, ஆனா அதெல்லாத்தையும் பாத்த வீட்டிலதானே வளருறாங்க. அதுவும் இல்லாம வெள்ளம், வீட்டுச் சண்டை, மத்தியகிழக்குக்குப் போன உம்மா, குடிக்கிற அப்பா எண்டு ஒவ்வொருத்தருக்கும் ஒண்டு இருக்கும். கண்ண மூடி அமைதியா இருக்கச் சொன்னா அமைதியா வராது, அந்தப் படம்தான் வரும். அதால கட்டாயப்படுத்தி கண்ண மூட வைக்கிற ஆள நம்பாதீங்க, எவ்வளவு பெரிய பயிற்சியாளரா இருந்தாலும் சரி.

இருக்க ஏலாதவங்களுக்கு அசைஞ்சுதான் செய்யணும். கிளாசுக்கு சைக்கிளில வாறவன் ஒரு லைட் போஸ்டில இருந்து அடுத்த லைட் போஸ்ட் வரைக்கும் மட்டும் பெடலில கால் அமத்துறதக் கவனிச்சா அதுவே பயிற்சி. அடுத்த போஸ்டில மறந்து போகும், பரவால்ல, அதுக்கடுத்ததில பிடிக்கலாம். கோப்பை கழுவக்குள்ள தண்ணியும் சோப்பும் கையில படுறது. மாடிப்படி ஏறக்குள்ள. கடக்கரையில வெறுங்காலோட ஈரமணலில நடக்கிறது எல்லாத்தையும் விட நல்லம், ஆனா பொம்புளப் புள்ளைகள தனிய கடக்கரைக்கு விடுறதுக்கு எங்கட ஊரில எத்தின வீடு சம்மதிக்கும், அது வேற பிரச்சினை, இன்னொரு நாள் எழுதணும் அதப்பத்தி. அவங்களுக்கு வளவுக்குள்ள கிணத்தடி வரைக்கும் போய்வாறதும் காணும்.

இனி கோவமா எழுதப் போறன்.

ஒரு வாப்பா கேட்டார், "இதச் செஞ்சா எத்தின மார்க்ஸ் கூடும்?" எண்டு. நல்ல மனுசன், கஷ்டப்பட்டு உழைச்சுப் படிப்பிக்கிறவர், பிழையா நினைச்சுக் கேக்கல்ல. ஆனா இந்தக் கேள்வியிலதான் எல்லாம் கெட்டுப் போகுது. மார்க்ஸுக்கு எண்டு ஆக்கின உடனே அதுவும் ஒரு பாடம். ஒழுங்கா தியானம் செஞ்சியா, எத்தின நிமிசம் செஞ்சாய், பக்கத்து வீட்டுப் புள்ள இருபது நிமிசம் இருக்கானாம். ஏற்கனவே பதட்டத்தில கெடக்கிற புள்ளைக்கு அமைதியா இருக்கிறதுலயும் பெயிலாகலாம் எண்டு ஒரு புதுப் பயத்தக் குடுத்தாச்சு. ஸ்கூலில எல்லாருக்கும் பொதுவா பாடம் மாதிரி வச்சா என்ன நடக்கும் எண்டு பாக்கிறதுக்கு இங்கிலாந்தில மைரியட் எண்டு ஒரு பெரிய ஆய்வு செஞ்சாங்க, 85 ஸ்கூல், 8,000 புள்ளைகளுக்கு மேல, முடிவு 2022ல வந்துச்சு. வழமையா ஸ்கூல் குடுக்கிற மனநலப் பாடத்த விட அது நல்லா வேலை செய்யல்ல. படிச்ச புள்ளைகள்ல கூடின பங்கு அத வீட்ட செஞ்சு பாக்கவே இல்ல. எனக்கு இதில ஆச்சரியமே இல்ல, நாங்க குடுக்கிற ஹோம்வேர்க்க செய்யாத புள்ள இத மட்டும் செய்யுமா? அதுக்காக பிரயோசனமே இல்ல எண்டு நான் சொல்லல்ல, அது கவனப் பிரச்சினை உள்ள புள்ளைகளத் தெரிஞ்செடுத்துச் செஞ்ச ஆய்வும் இல்ல. கேக்காத புள்ளைக்கு ஊட்ட ஏலாது எண்டதத்தான் சொல்றன். என்ட கிளாசிலயும் அந்த ரெண்டு நிமிசத்தில கொப்பியில பூப் போட்டுக்கொண்டு இருக்கிற ஆக்கள் இருக்காங்க, நான் ஒண்டும் கேக்கிறல்ல.

நெதர்லாந்தில சூசன் பேகல்ஸ் எண்டவவும் அவட ஆக்களும் ஏடிஎச்டி உள்ள புள்ளைகளுக்கு எட்டுக் கிழமை பயிற்சி குடுக்கக்குள்ள, அதே நேரத்தில பக்கத்து அறையில தாய் தகப்பனுக்கும் சேத்தே குடுத்தாங்களாம். இத எங்கட ஊருக்குக் கொண்டு வரணும் எண்டுதான் எனக்கு ஆசை. புள்ளைய கொண்டு வந்து விட்டுட்டு வெளியில பைக்கில இருந்து போன் நோண்டுற வாப்பாவும், ரிசல்ட் வர முதலே ஊரெல்லாம் "டொக்டருக்குத்தான் படிக்காள்" எண்டு சொல்லி வச்சிருக்கிற அம்மாவும் ஒரு ரெண்டு நிமிசம் காலத் தரையில வச்சு இருந்து பாருங்க. புள்ளட பதட்டத்தில கால்வாசி உங்கட கையில இருந்துதான் போகுது, இத முகத்துக்கு நேர சொல்லத் தைரியம் இல்ல எனக்கு, எழுதுறன்.

நித்திரையப் பத்தி சுறுக்கா சொல்லிட்டுப் போறன். 13ல இருந்து 18 வயசு வரைக்கும் 8ல இருந்து 10 மணித்தியாலம் நித்திரை வேணும் எண்டு நித்திரை வைத்தியர்கள் சொல்றாங்க. விடிய ஆறு மணிக்கு கெமிஸ்ட்ரி, பொறகு ஸ்கூல், ரெண்டரைக்கு பயோ, இரவு பிசிக்ஸ், வீட்ட போய்ச் சேர ஒன்பது, பாடம் எழுதி போன் பாத்து முடிய ஒரு மணி. இந்தப் புள்ளைக்கு தியானமும் வேணாம் ஒண்டும் வேணாம், படுக்க விடுங்க. விடிய கிளாஸ் வைக்கிறதில நானும் ஒருத்தி எண்டு கொமண்டில வந்து சொல்லுவீங்க, தெரியும்.

டொக்டரிட்ட போறது பத்தியும் சொல்லணும். சின்ன வயசில இருந்தே இப்பிடித்தான், வீட்டயும் ஸ்கூலிலயும் ஒரே மாதிரித்தான் எண்டா, இல்லாட்டி பதட்டத்தால சாப்பாடு நித்திரை ஸ்கூல் எல்லாமே குழம்புதெண்டா, மூச்சுப் பயிற்சியோட நிக்க வேணாம். அரச ஆஸ்பத்திரியில மனநல கிளினிக் இருக்கு, மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலயும் இருக்கு, காசு கட்டத் தேவையில்ல. "ஊராக்கள் கண்டா என்ன சொல்லுவாங்க" எண்டு யோசிச்சு யோசிச்சே ஓ.எல் முடிஞ்சு ஏ.எல்லும் முடிஞ்சு போன புள்ளைகள எனக்குத் தெரியும். ஏடிஎச்டிக்கு மருந்து இருக்கு, வேணுமா இல்லையா எண்டு தீர்மானிக்கிறது டொக்டர், நானும் இல்ல, உங்கட மச்சாளும் இல்ல. மைண்ட்புல்னஸ் செஞ்சா மருந்த நிப்பாட்டலாம் எண்டு ஆரும் சொன்னா அந்த இடத்த விட்டு எழும்பி வாங்க. ஒரு புள்ள "செத்துப் போகலாம் போல இருக்கு" எண்டு சொன்னா, அது பகிடிக்குச் சொன்னமாதிரி இருந்தாலும், காலத் தரையில வை எண்டு சொல்லிக்கொண்டு நிக்கிற நேரம் இல்ல அது. பக்கத்தில இருங்க, தனிய விடாதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. 1926 தேசிய மனநல உதவி இலக்கம், 24 மணித்தியாலமும் எடுக்கலாம். சிறுவர் பாதுகாப்பு எண்டா 1929.

சோதனை ஹோல் விசயம் மட்டும் மிச்சம் இருக்கு, புள்ளைகள் கூடுதலா கேக்கிறது அதுதான். பயோ முதலாம் பத்திரம் 50 எம்சிகியூ, 2 மணித்தியாலம். பன்ரெண்டாவது கேள்வியில மாட்டுப்பட்டா கவனம் அதிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும், நேரம் போகும், நேரம் போறது தெரிஞ்ச உடனே நெஞ்சு அடிக்கும், மறுகா பதிமூணாவது லேசான கேள்வியும் கண்ணுக்குத் தெரியாது. அந்த இடத்தில பேனைய மேசையில வச்சிரு, காலத் தரையில அமத்து, நீட்டி ஒரு மூணு மூச்சு விடு, பன்ரெண்டுக்குப் பக்கத்தில ஒரு புள்ளடி போட்டுட்டு பதிமூணுக்குப் போ. அரை நிமிசம் காணும் அதுக்கு. ஆனா இத முதன்முதலா சோதனை ஹோலில செஞ்சு பாத்தா வேலை செய்யாது, பேப்பர் கிளாசில செஞ்சு செஞ்சு கைக்கு வந்திருக்கணும். 2024 நவம்பர் கடைசியில வெள்ளத்தால ஏ.எல்ல நடுவில நிப்பாட்டி வச்சாங்களே, நாளைக்கு சோதனை இருக்கா இல்லையா எண்டே தெரியாம இருந்த அந்த நாளையில, பாடம் கேட்டு எனக்கு கோல் எடுத்தவங்களை விட "மிஸ், சும்மா கொஞ்சம் கதைங்க" எண்டு எடுத்தவங்கதான் கூட. அப்பவும் புதுசா ஒண்டும் சொல்லிக் குடுக்கல்ல. கூரையில மழை விழுற சத்தத்தக் கேளு, ஓட்டில விழுறது எப்பிடி, தகரத்தில விழுறது எப்பிடி எண்டு சொல்லு எனக்கு, எண்டு கேட்டன். ஒருத்தி எங்கட வீட்டில ரெண்டும் ஒழுகுது மிஸ் எண்டாள்.

புது ரிவிஷன் கிளாசுக்கு பின்னுக்கு ரெண்டு பெஞ்ச எடுத்துட்டு நடக்கிறதுக்கு இடம் விடச் சொல்லி ஹோல்காரரிட்ட கேட்டிருக்கன், இருக்க ஏலாதவங்க எழும்பி நிண்டு பாடம் கேக்கட்டும், டியூட்ட சுவரில வச்சு எழுதட்டும் எண்டு. பெஞ்சக் குறைச்சா ஆள் குறையுமே மிஸ் எண்டு கவலைப்படுறார் அவர். வாடகை குறையாது எண்டு சொல்லியிருக்கன், யோசிச்சுச் சொல்றாராம்.